முதல் பாட்டு முடிந்ததும்

என் அண்ணனின் குரல் எங்கள் வீட்டில் இருந்தது. அதை நாங்களே அழித்துவிட்டோம். யாரையும் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. எண்பதுகளில் ஆளை வளைகுடாவுக்கு அனுப்பிவிட்டுக் காத்திருந்த பல வீடுகளில் நடந்ததுதான் எங்கள் வீட்டிலும் நடந்தது. அழியாமல் மிஞ்சியது நாலு வெள்ளைக்காரப் பையன்கள் போட்ட கூச்சல் மட்டும். அந்தக் கூச்சலைத்தான் எங்கள் ஆத்தா வருஷக்கணக்கில் உட்கார்ந்து கேட்டாள். ஊரில் அவளுக்குப் புத்தி கலங்கிவிட்டது என்றார்கள். நானும் கொஞ்ச காலம் அப்படித்தான் நினைத்தேன்.

எங்கள் ஊர் போடிக்குப் பக்கத்தில் சிலமலை. அய்யாவுக்குக் கிணற்றுப் பாசனத்தில் கொஞ்சம் நிலம் இருந்தது. பருத்தியும் கடலையும் போடுவார். அண்ணனுக்கு அதில் மனசு ஒட்டவில்லை. மீசை அரும்பியதுமே போடிக்குப் போய் ஜீப்பில் கிளீனராகத் தொற்றிக்கொண்டான், பிறகு டிரைவரானான். குரங்கணியிலிருந்து மேலே எஸ்டேட்டுகளுக்கு அரிசியும் உரமும் ஏற்றிப் போவான். இறங்கும்போது ஏலக்காய் மூட்டையும் ஆட்களும் லோடு. அவன் சட்டையை ஆத்தா துவைக்க எடுப்பதற்குள் வீடு முழுக்க ஏலக்காய் வாசம் பரவிவிடும்.

கூடவே மலையாளமும் வீட்டுக்குள் வந்தது. எஸ்டேட்டில் பழகிப் பழகி அவன் பேச்சில் பாதி அந்தப் பக்கத்துச் சொல்லாகிவிட்டது. பேசாமல் இரு என்பதற்கு ‘மிண்டாம இரு’ என்பான். அய்யாவுக்கு அது ஆகவே ஆகாது.

“ஏன்டா, பெத்தவ சொல்லிக்குடுத்த பேச்சு ஒனக்குப் பத்தலையா?” என்பார்.

“செத்த மிண்டாம இருங்கய்யா, சோறு தின்னுக்கிறேன்” என்பான் அவன், வேண்டுமென்றே.

அய்யா முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வார். கோபத்தில் திருப்புகிறார் என்றுதான் யாரும் நினைப்பார்கள். சிரிப்பை மறைக்கத் திருப்புகிறார் என்பது எனக்குத் தெரியும்.

எஸ்டேட்டில் இருந்த ஒரு மலையாளி மேஸ்திரியின் மைத்துனன் மூலமாக அவனுக்கு விசா வந்தது. அங்கே போய் லாரி ஓட்டும் வேலை. வேண்டாம் என்று ஆத்தா பிடிவாதமாகச் சொல்லிப் பார்த்தாள். “போனதும் தெரியாது வந்ததும் தெரியாது ஆத்தா, வெரசா வந்துருவேன்” என்று அவள் தாடையைப் பிடித்துக் கொஞ்சிவிட்டு பஸ்சு ஏறினான்.

ஆத்தாவுக்குப் படிக்கத் தெரியாது. அவன் எழுதிய கடிதத்தை நான் படித்துக் காட்டினால், “நீ சொல்றது நீ சொல்ற மாதிரியே இருக்கு, அவன் சொல்ற மாதிரி இல்லையே” என்று குறைப்பட்டுக்கொள்வாள். இதை அவனுக்கு எழுதினேன். லீவில் வந்த ஒருவர் கையில் ஒரு டேப் ரெக்கார்டரும் ஒரு கேசட்டும் கொடுத்தனுப்பினான். அவை மலைக்கு அந்தப் பக்கம், கேரளாவில் வந்து இறங்கி, போடிமெட்டு வழியாக ஜீப்பில் எங்களிடம் வந்து சேர்ந்தன.

கேசட்டில் அவன் பேசியிருந்தான். தின்றது, தூங்கியது, வெயில், மணல், கூட இருக்கிறவர்கள் என்று எல்லாக் கதையும். ஆத்தா அந்தப் பெட்டியைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டே கேட்டாள், இடையிடையே பதிலும் சொன்னாள். கடைசியில் அவன் சொன்னது எனக்கு வார்த்தை மாறாமல் ஞாபகம் இருக்கிறது, ஏனென்றால் அது எனக்குச் சொன்னது.

“மறுபக்கத்துல பேசிப்புடாதீங்க, அதுல பாட்டு இருக்கு. என் ரூமுல ஒரு பிலிப்பைன்ஸ் பய இருக்கான், அவன்கிட்ட இருந்து பிடிச்சேன். வயரு இல்ல. ரெண்டு பொட்டியையும் எதிரெதிர வச்சுத்தான் பிடிச்சேன், அவன் ஒவ்வொரு பாட்டா நிறுத்தி நிறுத்திப் போட்டான், அதான் ரூமுச் சத்தமும் சேந்து விழுந்துருச்சு. நாலு பயலுக, நம்ம வயசுதான் இருக்கும். இது அவங்க போட்ட மொத ஆல்பம். தங்கச்சி, இது ஒனக்கு. வெறுஞ் சத்தம்னு நெனைக்காத, நல்லாக் கேளு. குரங்கணி ஏத்தத்துல மொத கியருல லோடு ஜீப்பு ஏறும் பாரு, அதே மாதிரி இருக்கும்.”

மறுபக்கத்தைத் திருப்பிப் போட்டேன். அடுத்த நொடியே கொட்டத்தில் இருந்த கன்று கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. கிடாரா தகரமா என்று தெரியாத ஒரு சத்தம், அதற்குக் கீழே நிற்காமல் இடிக்கிற டிரம், மேலே ஒருவன் தொண்டை கிழியக் கத்துகிறான். பக்கத்து வீட்டில் இருந்து ஆள் வந்துவிட்டது. அய்யா கன்றைப் பிடித்துக் கட்டிவிட்டு மூச்சு வாங்க வந்து நின்றார்.

“இதுக்கு அவன் மிண்டாமலே இருந்திருக்கலாம்” என்றார். அந்தச் சொல்லை அவர் வாயில் நான் முதல் தடவையாகக் கேட்டது அன்றைக்குத்தான்.

அப்புறம் பதில் பேச வேண்டும். எங்கள் ஊரில் பலகாரம் வந்த கிண்ணத்தை வெறுமனே திருப்ப மாட்டார்கள். நாலு வாழைப்பழமோ ஒரு கை கடலையோ போட்டுத்தான் கொடுப்பார்கள். கேசட்டையும் அப்படித்தான் அனுப்பினோம். அவன் பேசிய பக்கத்தின் மேலேயே நாங்கள் பேசினோம். புதுக் கேசட் வாங்க முடியாமல் இல்லை. அப்படி ஒரு யோசனையே வரவில்லை. அவன் குரல்தான் அடுத்த லீவு ஆளோடு திரும்ப வரப்போகிறதே, எடுத்து வைக்க அது என்ன ஊறுகாயா என்று இருந்துவிட்டோம்.

அரைகுறையாகப் பேசி அனுப்பியிருந்தாலாவது அவன் பேச்சின் வால் கொஞ்சம் மிஞ்சியிருக்கும். ஆத்தா விடவில்லை. டேப்பு ஓடி நிற்கும்வரை யாரையாவது பிடித்துப் பேசவைத்தாள். அத்தை பேசினாள், பக்கத்து வீட்டுக்காரி பேசினாள், கன்றின் கழுத்து மணியைக்கூட ஆட்டிப் பிடித்தோம். கிணற்று மோட்டார் ஓடுகிற சத்தத்தைக் கேட்டால் அவனுக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று பெட்டியை வயலுக்குத் தூக்கிக்கொண்டு போனோம். அய்யா மட்டும் ஒரே வரிதான் பேசினார்: “ஒடம்பப் பாத்துக்க. மிண்டுறது மிண்டாததெல்லாம் அங்கயே விட்டுட்டு வா.”

இப்படி அந்தக் கேசட் போவதும் வருவதுமாக இருந்தது. ஒவ்வொரு தடவையும் அவன் எங்கள் மேல் பேசினான், நாங்கள் அவன் மேல் பேசினோம். பாட்டுப் பக்கத்தை யாரும் தொடவில்லை. கேசட் கையில் இருக்கிற நாட்களில் நான் அதைக் கேட்டேன். முதலில் அண்ணன் சொன்னானே என்று கேட்டேன். பிறகு எனக்காகவே கேட்டேன். அப்போது போடியில் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தேன். தேவாரம் ஊரில் ஒரு மாப்பிள்ளை இருக்கிறான், படிப்பு போதும் என்று சொந்தக்காரர்கள் ஆளாளுக்கு வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும், ஆனால் வாயைத் திறந்தால் திமிர் பிடித்தவள் என்பார்கள். அந்தப் பாட்டில் ஒருவன் எனக்குப் பதிலாகக் கத்தினான். என்ன கத்தினான் என்று ஒரு வார்த்தை புரியவில்லை, புரியவும் தேவைப்படவில்லை. அத்தனை வேகத்திலும் நாலு பேரும் ஒரே இடத்தில் சட்டென்று நிறுத்துவார்கள், ஒரே இடத்தில் தொடங்குவார்கள். கோபம் என்றால் கண்மண் தெரியாமல் ஆடுவது என்றுதான் நான் பார்த்திருந்தேன். கோபத்தை இப்படிக் கணக்காக வாசிக்க முடியும் என்பதை அவர்கள்தான் காட்டினார்கள்.

ஒரே குறை, பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே அந்த ரூமின் சத்தம். தட்டு உருளும், நாற்காலி இழுபடும், யாரோ முணுமுணுப்பார்கள். எனக்கு எரிச்சலாக இருக்கும். அடுத்த பாட்டு எப்போது வரும் என்றுதான் காத்திருப்பேன்.

அவன் ஊருக்கு வர வேண்டிய வருஷம். நாங்கள் பதில் பேசி முடித்து, கேசட்டைத் துணியில் சுற்றி வைத்துவிட்டு, மேஸ்திரியின் ஆள் மலையேறும் நாளுக்காகக் காத்திருந்தோம். அதற்குள் தந்தி வந்துவிட்டது. வளைவே இல்லாத ரோட்டில் லாரி கவிழ்ந்துவிட்டதாம். குரங்கணி ரோட்டில் மழையிலும் மூடுபனியிலும் வண்டி ஓட்டியவன். அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள். ஆத்தா அவன் முகத்தைப் பார்க்கவில்லை. உடல் இல்லாமலே இங்கே காரியம் செய்தோம்.

தந்தி வந்த அன்று ஆத்தா அழவில்லை. அழுதுகொண்டிருந்த பெண்களை விலக்கிவிட்டு என்னிடம் வந்தாள்.

“அந்தக் கேசட்டக் கொண்டா. அவன் பேசுனதக் கேக்கணும்.”

அதில் அவன் பேச்சு இல்லை. எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரிந்திருக்க வேண்டும், ஆனால் அந்த நேரத்தில் அவள் மறந்திருந்தாள். வேறு வழியில்லாமல் போட்டேன். என் குரல்தான் வந்தது. “அண்ணே, நல்லா இருக்கியா? ஆத்தா பேசுறாக, கேளு.” அடுத்து அவள் குரல். “அப்பு, எப்ப வர்ற? வர்றப்ப சொல்லிட்டு வா, கோழி அடிக்கணும்.” வீட்டில் இருந்த அத்தனை பேரும் அதைக் கேட்டார்கள். ஆத்தா தன் குரலைத் தானே கேட்டுக்கொண்டு, அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அய்யா எழுந்து வயல் பக்கம் போய்விட்டார். அந்தப் பக்கத்தை அதற்குப் பிறகு நாங்கள் போட்டதே இல்லை.

காரியம் முடிந்த பிறகு ஒரு மத்தியானம் அவளே சொன்னாள்: “மறுபக்கத்தப் போடு தாயி. அதுவாச்சும் அவன் அனுப்புனதுதான.”

துக்க வீட்டில் பாட்டுப் போட மாட்டார்கள். வருஷம் திரும்பும்வரை ரேடியோவைக்கூடத் திருகாத வீடுகள் உண்டு. எங்கள் வீட்டில் நாள் தவறாமல் மத்தியானம் அந்தக் கூச்சல் கேட்டது. ஆத்தா பெட்டியைக் காதருகே வைத்து, சத்தத்தைக் குறைத்துக்கொண்டு, கடலை உடைத்தபடி கேட்பாள். முதல் பாட்டு முடிகிற நேரத்தில் அவள் கை நின்றுவிடும். அப்பாடா, இரைச்சல் ஓய்ந்தது என்று மூச்சு விடுகிறாள் என நினைத்துக்கொள்வேன். இரண்டாவது பாட்டு தொடங்கிக் கொஞ்ச நேரத்தில், “மொதல்ல இருந்து போடு” என்பாள். சில நாள் மூன்று தடவை, நாலு தடவை.

அய்யாவின் அக்கா, எங்கள் அத்தை, ஊர் சிரிக்கிறது என்று சண்டைக்கு வந்தாள். “ஏத்தா, பிள்ளையப் பறிகுடுத்த வீட்டுல பேய்க்கூத்து வேற கேக்குதா ஒனக்கு?” ஆத்தா கடலையை உடைத்துக்கொண்டே இருந்தாள். அத்தை அழுதுகொண்டே போனாள். அவள் போன பிறகு அய்யா வேகமாக வந்து பெட்டியின் பொத்தானில் கை வைத்தார். அவர் முரடர் இல்லை. அன்றைக்கு அவருக்கும் தாங்க முடியவில்லை, அவ்வளவுதான்.

“நிறுத்தாதீக” என்றாள் ஆத்தா. “அவன் பேசிக்கிட்டு இருக்கான், நிறுத்தாதீக.”

அய்யா கையை எடுத்துவிட்டார். என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். ஆத்தா நம்மை விட்டு எங்கோ போய்விட்டாள் என்று அந்த நிமிடத்தில் இரண்டு பேருமே நினைத்தோம். அதை நாங்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவே இல்லை.

தேவாரத்து மாப்பிள்ளை பேச்சு துக்கத்தில் அடங்கிப் போனது. அய்யா என்னை மதுரையில் கல்லூரியில் சேர்த்துவிட்டார். ஹாஸ்டலில் கூட இருந்த ஒருத்தியின் அண்ணன் பெங்களூரில் படித்தான். லீவுக்குப் போய் வந்தால் அவனிடமிருந்து பழைய வெளிநாட்டுப் பாட்டுப் பத்திரிகைகளைக் கொண்டுவருவாள். நாலு பையன்கள் போட்ட முதல் ஆல்பம், கிடார் சத்தம் இப்படி இருக்கும், இந்த இடத்தில் நிற்கும் என்று மேசையில் தட்டிக் காட்டினேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். சிலமலைக்காரிக்கு இது எப்படித் தெரியும் என்பதுதான் அந்தப் பார்வை. அந்த மாதிரிப் பாட்டுக்கு த்ராஷ் மெட்டல் என்று அவள்தான் பெயர் சொன்னாள். அந்த நாலு பேரைப் பற்றி ஒரு கட்டுரையும் எடுத்துக் கொடுத்தாள். கையில் காசில்லாமல், ஒரே அறையில் படுத்து எழுந்து, அவசர அவசரமாகப் பதிவு செய்த முதல் ஆல்பமாம் அது. வந்த புதிதில் சத்தம் என்று ஒதுக்கியவர்களே அதிகம். பிறகு அந்த வழியில் வாசிக்க வந்த பையன்கள் எல்லாரும் அதைக் கேட்டுத்தான் கையைப் பழக்கினார்கள் என்று எழுதியிருந்தது. படிக்கப் படிக்க எனக்கு அழுகை வந்தது. எங்கள் வீட்டுப் பிள்ளையை யாரோ பெருமையாக எழுதியது போல இருந்தது. பாலைவனத்தில் ஒரு ரூமில் இருந்துகொண்டு அவன் அதை முதலிலேயே கண்டுபிடித்துவிட்டானே என்று நினைத்தேன்.

அதற்குள் எங்கள் கேசட் தேய்ந்துவிட்டது. டேப்பு இழுபட்டு, பாட்டு நடுநடுவே சோம்பிக்கொண்டு ஓடியது. இரண்டு தடவை உள்ளே சிக்கி, பென்சிலை விட்டுச் சுற்றி எடுத்தேன். ஒரு நாள் அறுந்துவிடும், அறுந்தால் ஆத்தா என்ன ஆவாள் என்ற பயம் எனக்கு எப்போதும் இருந்தது. தோழியிடம் சொன்னேன். அவள் அண்ணன் அந்த ஆல்பத்தின் அசல் கேசட்டையே வாங்கி அனுப்பினான். அட்டைப்படமும் பாட்டு வரிகளும் உள்ளதாக, புத்தம் புதிதாக.

அதை எடுத்துக்கொண்டு ஊருக்கு வந்த பயணத்தில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மத்தியானம் வீட்டில் நுழைந்ததும் பையைக்கூட வைக்காமல் ஆத்தா முன்னால் உட்கார்ந்தேன்.

“ஆத்தா, அதே பாட்டு. இனி சிக்காது, இழுக்காது. நல்ல சுத்தமான பதிவு, கேளு.”

ஆத்தாவுக்கு மகிழ்ச்சிதான். முறத்தை ஒதுக்கி வைத்துவிட்டு வழக்கம்போலப் பெட்டியிடம் காதைக் கொண்டுபோனாள். முதல் பாட்டு பளிச்சென்று ஓடியது. அதுவரை நான் கேட்டிராத சின்னச் சின்ன ஒலி எல்லாம் தெரிந்தது. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாட்டு முடிந்தது. அவள் கண்ணை மூடினாள். உடனே இரண்டாவது பாட்டு தொடங்கிவிட்டது.

ஆத்தா கண்ணைத் திறந்தாள். பெட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

“இதுல அவன் இல்லையே” என்றாள்.

“யாரு ஆத்தா?”

“ஒங்க அண்ணன்டி. மொதப் பாட்டு முடிஞ்சதும் பேசுவான்ல, அவன் எங்க?”

பழைய கேசட்டை எடுத்துப் போட்டேன். சத்தத்தை முழுக்க வைத்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தப் பாட்டு எப்போது முடியும் என்று காத்திருந்தேன். கிணற்றடியில் இருந்து வந்த அய்யா வாசலில் நின்றார். பாட்டு முடிந்தது. தட்டு உருண்டது. நாற்காலி இழுபட்டது. யாரோ சிரித்தார்கள். எத்தனையோ தடவை நான் தாண்டிப் போன அந்த முணுமுணுப்பு, தேய்ந்த டேப்பில் கொஞ்சம் கனத்துப்போய், ஆனால் அவனேதான்.

“டேய், செத்த மிண்டாம இருங்கடா. தங்கச்சிக்குப் பாட்டுப் பிடிக்கிறேன்.”

அவ்வளவுதான். இரண்டாவது பாட்டு வந்துவிட்டது.

“ஏன் ஆத்தா, இத்தன நாளா ஏன் சொல்லல?” என்றேன். என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை.

“என்னத்தச் சொல்ல?” ஆத்தா நிஜமாகவே புரியாமல் கேட்டாள். “ஒங்களுக்கெல்லாம் கேக்குதுன்னுல்ல நெனச்சேன். கேட்டுக்கிட்டேதான் நிறுத்தச் சொல்றீகன்னு எனக்கு வருத்தம்.”

வாசலில் அய்யா முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். இந்தத் தடவை எதை மறைக்கிறார் என்று எட்டிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, திரும்ப ஓட்டி அந்த இடத்தை மட்டும் போடலாம் என்று பொத்தானிடம் கையைக் கொண்டுபோனேன். ஆத்தா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“முழுசும் ஓடட்டும் தாயி. நல்லாக் கேளுன்னு சொன்னான்ல.”

அய்யா உள்ளே வந்து எங்கள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். அந்தப் பக்கம் ஓடி முடியும்வரை நாங்கள் மூன்று பேரும் மிண்டாமல் இருந்தோம்.